இரண்டு கிருமிகளும் ஓர் அடுப்புச் சுவரும்: கோத்தகிரியில் ஒரு நாயின் உண்ணிக் காய்ச்சல்

டைகருக்கு நான்கு வயது. நாட்டு நாயும் ஏதோ ஒரு வேட்டை நாயும் கலந்த உடம்பு, செம்பழுப்பு நிறம், 15 கிலோ எடை. கோத்தகிரியிலிருந்து கீழ்க்கோத்தகிரி போகும் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்கிறான். ஜூன் இரண்டாம் வாரம் திங்கட்கிழமை காலையில், ஆட்டோவிலிருந்து சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தான் அந்த வீட்டுப் பேரன். பின்னாலேயே பாட்டி. கொழுந்து பறிக்கிறவர், அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். அவருக்கு ஐம்பத்தைந்து வயதுதான் இருக்கும். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவது.

"அஞ்சு நாளா சோறு தொடலை டாக்டரம்மா. இன்னைக்குக் காலையில மூக்குல ரத்தம். படுத்த இடமெல்லாம் சொட்டுச் சொட்டா கிடக்குது."

எங்காவது வெளியூர் போய் வந்தீர்களா என்று கேட்டேன். மே மாதம் முழுக்கக் காரமடையில் மகள் வீட்டில் இருந்திருக்கிறார்கள். மகளுக்குப் பிரசவம். டைகரையும் கூடவே கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே தெருநாய்களோடு ஒரு சண்டை. இடது காதில் பல் பட்ட தழும்பு காய்ந்து இருந்தது. உண்ணி எடுப்பீர்களா என்று கேட்டதற்கு அக்கா சொன்ன பதில்தான் இந்தக் கதைக்கே முக்கியம்: "குளிர் ஊர்ல ஏது டாக்டரம்மா உண்ணி? கீழ போனப்ப ஒட்டிக்கிட்டதுதான்."

மலையில் இதைச் சொல்லாத ஆளே இல்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கும் பாதி அந்த எண்ணம்தான். மேட்டுப்பாளையத்துக்குக் கீழே போய் வந்த நாய் என்றால் உண்ணிக் காய்ச்சலை நினைப்பேன். மலையை விட்டு இறங்காத நாய் என்றால் அது இரண்டாவது, மூன்றாவது சந்தேகமாகத்தான் வரும்.

முதல் நாள்

காய்ச்சல் 104.2 பாரன்ஹீட். நாய்க்குச் சாதாரணமாக 101-லிருந்து 102.5 வரை இருக்கலாம். ஈறு வெளுத்திருந்தது. உதட்டை மடக்கிப் பார்த்தால் உள்பக்கத்தில் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். அடிவயிற்றில் முடி குறைந்த இடத்திலும் அதே புள்ளிகள். விரலால் அழுத்தினால் மறையவில்லை. தோலுக்கடியில் இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். தாடைக்கடியிலும் முழங்காலுக்குப் பின்னாலும் நெறி கட்டியிருந்தது. வயிற்றைத் தடவினால் மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டது.

காதை விரித்தேன். மடிப்புக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக உண்ணிகள். பெரியவை ஆமணக்கு விதை மாதிரி சாம்பல் நிறத்தில் உப்பியிருந்தன. அவற்றின் அடியில் எள் அளவில் பழுப்பு நிற ஆண் உண்ணிகள். விரலிடுக்குகளிலும் இருந்தன. பேரன் ஒன்றைப் பிடுங்கி நகத்தில் வைத்து நசுக்கப் போனான். "தம்பி, அதை மட்டும் செய்யாதே" என்று கையைப் பிடித்தேன். இந்தப் பழுப்பு நாய் உண்ணி மனிதருக்கும் ரிக்கெட்சியா வகைக் காய்ச்சலைக் கொண்டுவரக்கூடியது. நசுக்கும்போது அதன் சாறு விரலில் இருக்கும் கீறல் வழியாகவே உள்ளே போகலாம். மண்ணெண்ணெய் தடவுவது, ஊதுபத்தியால் சுடுவது, இரண்டும் வேண்டாம். கையுறை போட்டு, இடுக்கியைத் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, ஸ்பிரிட் ஊற்றிய டப்பியில் போட வேண்டும்.

இரத்தம் எடுத்தோம். சிவப்பணுக்களின் அளவைச் சொல்லும் பிசிவி 24 சதவீதம். 37-க்கு மேல் இருக்க வேண்டும். தட்டணுக்கள் 2 லட்சத்துக்குக் குறையக்கூடாது, டைகருக்கு 28,000. டெங்குக் காய்ச்சலில் நாம் கேள்விப்படும் அதே தட்டணுதான். மூக்கில் ஏன் இரத்தம் வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. துளி இரத்தத்தில் பத்து நிமிடத்தில் பலன் காட்டும் பரிசோதனை அட்டையில் எர்லிச்சியாவுக்கு நேரே நீலப் புள்ளி பளிச்சென்று விழுந்தது.

எர்லிச்சியா கேனிஸ் என்பது வெள்ளையணுக்களுக்குள் புகுந்து வாழும் பாக்டீரியா. 1935-இல் அல்ஜீரியாவில்தான் முதன்முதலில் இதை விவரித்தார்கள். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவ நாய்கள் மூக்கில் இரத்தம் ஒழுகி ஒழுகிச் செத்தபோது உலகமே இதைத் திரும்பிப் பார்த்தது. பழுப்பு நாய் உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே இது நாயின் உடம்புக்குள் போய்விடும். ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல். டைகரின் கதையோடு எல்லாம் பொருந்தியது. காரமடை, உண்ணி, மூன்று வாரம், மூக்கில் இரத்தம், தட்டணு குறைவு, அட்டையில் நீலப் புள்ளி.

இரத்தப் பூச்சு ஒன்றும் போட்டேன். அவசரச் சாயத்தில் முக்கி எடுத்து, நுண்ணோக்கியில் ஐந்து நிமிடம் பார்த்தேன். தட்டணுக்களைக் காணவே இல்லை என்பதைக் கண்டேன். அதோடு எழுந்துவிட்டேன். வெளியே ஒரு பசுவுக்குக் கன்று திரும்பவில்லை என்று ஜீப் காத்திருந்தது. ஆனாலும் அதைக் காரணமாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. விடை கிடைத்துவிட்டது என்ற நினைப்பில் எழுந்தேன்.

டாக்சிசைக்ளின், கிலோவுக்கு 10 மி.கி., நாளைக்கு ஒருமுறை, 28 நாள். 15 கிலோவுக்கு 100 மி.கி. மாத்திரை ஒன்றரை. வெறும் வயிற்றில் வேண்டாம், சோற்றோடு வைத்துக் கொடுத்து, மேலே தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். தொண்டைக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினோம். தசையில் ஊசி எதுவும் போடவில்லை, இந்தத் தட்டணுவோடு போட்டால் ஊசி போட்ட இடமே இரத்தக்கட்டி ஆகும். காய்ச்சல், வலி மாத்திரை எதையும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். மனிதருக்கான வலி மாத்திரைகளில் பல நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கும். தட்டணு இல்லாத நாய்க்கு அந்தப் புண் உயிரையே எடுத்துவிடும்.

"ஒரு வாரத்துல சாப்பிட ஆரம்பிச்சிடுவான். அப்பவும் மாத்திரையை நிறுத்தாதீங்க அக்கா." இதை எல்லாரிடமும் சொல்கிறேன், பலர் நிறுத்திவிடுகிறார்கள். பாதியில் விட்ட எர்லிச்சியா எலும்பு மஜ்ஜையில் போய் ஒளிந்துகொண்டு, ஒரு வருடம் கழித்து எழுந்திரிக்க முடியாத நாயாக என் மேசைக்கு வரும்.

நான்காம் நாள்

வியாழக்கிழமை வந்தார்கள். மூக்கில் இரத்தம் நின்றிருந்தது. காய்ச்சல் 102.8. தட்டணு 61,000 ஆகியிருந்தது. கொஞ்சம் கறிச்சாறு குடித்தானாம். இதைக் கேட்டதும் எனக்கு மகிழ்ச்சி. எர்லிச்சியா காய்ச்சலில் டாக்சிசைக்ளின் இரண்டு மூன்று நாளில் முகத்தைத் தெளிய வைத்துவிடும், அது நடக்கிறது என்று நினைத்தேன்.

அப்போது அக்கா சொன்னார்: "ஆனா டாக்டரம்மா, மூத்திரம் டிகாஷன் மாதிரி போறான்."

உதட்டை மடக்கினேன். திங்கட்கிழமை வெளிர் சிவப்பாக இருந்த ஈறு, காகிதம்போல் இருந்தது. கண்ணின் வெள்ளையில் லேசான மஞ்சள். பிசிவி 17. மூன்றே நாளில் 24-லிருந்து 17.

இதுதான் நின்று யோசிக்க வேண்டிய இடம். எர்லிச்சியாவில் இரத்தம் குறையும், ஆனால் மெல்லக் குறையும். தட்டணு ஏறிக்கொண்டிருக்கும்போது சிவப்பணு மட்டும் சரிந்துகொண்டே போகிறது, மூத்திரம் கறுக்கிறது, கண் மஞ்சளாகிறது என்றால், இரத்தம் வெளியே ஒழுகிப் போகவில்லை. உடம்புக்குள்ளேயே சிவப்பணுக்கள் உடைகின்றன. உடைப்பது யார்? நாயின் நோயெதிர்ப்பு சக்தியே தன் இரத்தத்தை அழிக்கலாம். அல்லது அந்தச் சிவப்பணுவுக்குள் யாராவது உட்கார்ந்திருக்கலாம்.

முதல் சந்தேகத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு துளி இரத்தம், சில துளி உப்பு நீர், கண்ணாடித் தகட்டில் கலந்து சாய்த்துப் பார்ப்பது. அணுக்கள் கட்டியாகத் திரளவில்லை. இது ஒன்றே தீர்ப்பு ஆகாதுதான். ஆனாலும் அந்த முதல் சந்தேகத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு ஊசியை எடுக்க நீண்ட கையை இது நிறுத்தியது. அணுவுக்குள் ஒட்டுண்ணி இருக்கும்போது ஸ்டீராய்டை அள்ளிக் கொடுத்தால், அதோடு போராடிக்கொண்டிருக்கும் உடம்பின் கையைக் கட்டிப் போட்டது போலாகும்.

அப்புறம் நுண்ணோக்கிக்கு உட்கார்ந்தேன். இந்தத் தடவை பெரிய இரத்தநாளத்து இரத்தம் எடுக்கவில்லை. காது நுனியின் மெல்லிய நாளத்தில் குத்தி, முதல் துளியில் பூச்சு இழுத்தேன். ஒட்டுண்ணி தாங்கிய அணுக்கள் மெல்லிய நாளங்களில்தான் அதிகம் தேங்கும். மெத்தனாலில் நிலைப்படுத்தி, ஜிம்சா சாயத்தில் அரை மணி நேரம் வைத்தேன். எண்ணெய் ஊற்றி, நூறு மடங்கு லென்ஸில், பூச்சின் வால் பகுதியிலிருந்து வரிசை வரிசையாக, வயலில் களை பார்ப்பதுபோல் நகர்த்திக்கொண்டே போனேன்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் முதல் மோதிரம்.

ஒரு சிவப்பணுவின் ஓரத்தில், வெளிர்நீல வளையம், அதன் விளிம்பில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு. கல் பதித்த மோதிரம் என்றே சொல்லலாம். அணுவின் எட்டில் ஒரு பங்குகூட இருக்காது. சாயத் துகளாக இருக்குமோ என்று நுண்ணோக்கியின் குமிழைத் திருப்பிப் பார்த்தேன். துகள் என்றால் அணுவுக்கு மேல் வேறொரு மட்டத்தில் மிதக்கும். அது தெளியும்போது அணு மங்கும். இது அணுவோடு சேர்ந்தே தெளிந்தது, சேர்ந்தே மங்கியது. உள்ளேதான் இருக்கிறது. பக்கத்து வரிசையில் இன்னொன்று. அடுத்ததில் இரண்டு. எல்லாம் சிறியவை, தனித்தனியானவை. பேபீசியா என்பது சிவப்பணுவுக்குள் புகுந்து வாழும் ஒட்டுண்ணி. அதில் வோகெலி இனமாக இருந்தால் பெரிதாக, பேரிக்காய் வடிவத்தில், பெரும்பாலும் ஜோடியாகத் தெரியும். இது பேபீசியா கிப்சோனி.

திங்கட்கிழமைத் தகட்டை டப்பாவிலிருந்து எடுத்தேன். அவசரச் சாயம், அவ்வளவு தெளிவில்லை. இருபது நிமிடம் தேடினேன். இரண்டு மோதிரங்கள் இருந்தன. முதல் நாளே இருந்திருக்கின்றன.

அந்தப் பரிசோதனை அட்டையைக் குறை சொல்ல முடியாது. அது தன் வேலையைச் செய்தது. ஆனால் அதன் வேலை என்ன என்பதை நான் மறந்தேன். அது தேடுவது எதிர்ப்புப் புரதத்தை. அதாவது இந்த நாய் எப்போதோ எர்லிச்சியாவைச் சந்தித்திருக்கிறது என்பதன் தடயத்தை. போன வருடத்து நோயாகக்கூட இருக்கலாம். பேபீசியாவுக்கு அந்த அட்டையில் இடமே இல்லை. புள்ளி விழுந்தது என்றால் ஒரு கேள்விக்கு விடை வந்தது, அவ்வளவுதான். ஒரே உண்ணிக் கூட்டத்திலிருந்து இரண்டு மூன்று நோய் சேர்ந்து வருவது நம் பக்கத்தில் அபூர்வம் இல்லை.

கிப்சோனி நமக்கு அந்நியமான ஒட்டுண்ணியும் இல்லை. 1910-இல் பேட்டன் என்பவர் இதை முதன்முதலில் விவரித்தது சென்னை வேட்டைக் குழுவின் நாய்களிலும் ஒரு நரியிலும்தான். நம் மாநிலத்து நாயிலும் நரியிலும் கண்டெடுத்த ஒன்றை, நூறு வருடம் கழித்தும் நாம் கடைசியாக நினைக்கிறோம்.

மருந்தும் இரத்தமும்

வோகெலியாக இருந்தால் இமிடோகார்ப் இரண்டு ஊசி, பதினான்கு நாள் இடைவெளியில்; பெரும்பாலும் முடிந்துவிடும். கிப்சோனிக்கு அது எடுபடாது. டிமினசீன் ஊசி மாட்டு வைத்தியத்துக்காக எல்லா இடத்திலும் கிடைக்கும். போட்டால் நாய் எழுந்து நடக்கும், ஆனால் ஒட்டுண்ணி உள்ளேயே இருக்கும். அளவு கொஞ்சம் தப்பினாலும் மூளையில் இரத்தம் கசியும். அதனால் இந்த நோய்க்கு அதை நான் கையில் எடுப்பதில்லை. அட்டோவகோனும் அசித்ரோமைசினும் சேர்த்துப் பத்து நாள் கொடுப்பதுதான் முதல் வழி.

அட்டோவகோன் மலேரியா மருந்து, விலை அதிகம். அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். அவருடைய இரண்டு வாரக் கூலிக்கு மேல் ஆகும். கிளிண்டமைசின், மெட்ரோனிடசோல், டாக்சிசைக்ளின் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் மலிவான வழியும் உண்டு. ஆனால் வேலை செய்யப் பல வாரம் ஆகும், 17 பிசிவியோடு இருக்கிற நாய்க்கு அவ்வளவு நேரம் இல்லை. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பேரன்தான் பேசினான்: "பாட்டி, எனக்கு இந்த வருசம் சைக்கிள் வேண்டாம்." அக்கா அவன் தலையில் கை வைத்துவிட்டு, "எழுதிக் குடுங்க" என்றார்.

கோயம்புத்தூரில் சொல்லிவைத்து, மறுநாள் மாலை பஸ்ஸில் போட்டு விட்டார்கள். அதே பஸ் திரும்பும்போது, இரத்தம் உறையாமல் வைக்கும் ஈடிடிஏ குழாயில் டைகரின் இரத்தம் ஐஸ் கட்டியோடு, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்குக் கீழே போனது.

மருந்து வருவதற்குள் வெள்ளிக்கிழமை காலையில் பிசிவி 14 ஆகிவிட்டது. நிற்கவே முடியவில்லை, மூச்சு வேகமாக வாங்கியது. இரத்தம் ஏற்றாமல் முடியாது என்று முடிவெடுத்தோம். கடைவீதியில் ஒருவர் வீட்டில் 34 கிலோ லாப்ரடார் இருக்கிறது, தடுப்பூசி எல்லாம் ஒழுங்காகப் போட்டது. அவர் யோசிக்காமல் கூட்டிவந்தார். கொடுக்கிற நாயின் இரத்தத்தையும் அரை மணி நேரம் தகட்டில் தேடினேன், அட்டையிலும் பார்த்தேன். கிப்சோனி இரத்தம் வழியாகவே பரவும்; காப்பாற்றப் போய் இன்னொரு நோயை ஏற்றிவிடக் கூடாது. இருவர் இரத்தத்தையும் தகட்டில் கலந்து, திரளவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, கழுத்து நாளத்திலிருந்து 300 மில்லி எடுத்தோம். கிலோவுக்கு 20 மில்லி முழு இரத்தம் பிசிவியை ஏறக்குறைய 10 புள்ளி உயர்த்தும் என்பது எங்கள் கணக்கு. முதல் அரை மணி நேரம் துளித்துளியாக விட்டு, காய்ச்சலோ தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று பக்கத்திலேயே இருந்தேன். எதுவும் வரவில்லை. நான்கு மணி நேரத்துக்குள் முடித்தோம். பிசிவி 22. லாப்ரடார் ஒரு தட்டு முட்டையும் சாதமும் சாப்பிட்டுவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனது.

அன்று இரவே அட்டோவகோன் ஆரம்பம். கிலோவுக்கு 13.3 மி.கி., டைகருக்கு 200 மி.கி., எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. இந்த மருந்தில் ஒரு ரகசியம் உண்டு: கொழுப்போடு கொடுத்தால்தான் குடல் இதை உறிஞ்சும். வெறும் சோற்றில் பிசைந்து கொடுத்தால் அவ்வளவு காசும் மலத்தோடு போய்விடும். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து; ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி நெய்யோ ஆட்டுக் கொழுப்போ மஞ்சள் கருவோ. அசித்ரோமைசின் கிலோவுக்கு 10 மி.கி., நாளைக்கு ஒருமுறை. மாத்திரையை உடைத்தால் அளவு தப்பும் என்பதால் குழந்தைகளுக்கான சிரப்பிலிருந்து அளந்து கொடுக்கச் சொன்னேன். டாக்சிசைக்ளினும் தொடர்ந்தது.

மதியம் இரண்டு மணிக்கு அக்கா மலைச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார், பேரன் பள்ளியில். பக்கத்து வீட்டு அத்தை அந்த வேளையை ஏற்றுக்கொண்டார். சுவரில் கரியால் முப்பது கோடு போட்டு, ஒவ்வொரு வேளைக்கும் ஒன்றை அழித்தார்கள். முப்பதில் ஒன்றுகூடத் தவறவில்லை. எவ்வளவு நல்ல மருந்தாக இருந்தாலும் அந்தக் கோடுகள் இல்லாமல் வேலை செய்திருக்காது. அரைகுறையாகக் கொடுத்தால் ஒட்டுண்ணி மரபணுவை மாற்றிக்கொண்டு அட்டோவகோனுக்கே அடங்காமல் போகும்.

அடுப்புச் சுவர்

ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டுக்குப் போனேன். நாயைக் குணமாக்கி அனுப்பிவிட்டு, அது படுக்கும் இடத்தைப் பார்க்காமல் இருப்பது பாதி வைத்தியம்.

ஜூன் மாதத்துக் காற்று, மூடுபனி, வெளியே ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. உள்ளே சமையலறையில் விறகடுப்பு. காலை ஐந்து மணிக்கு மூட்டுவது இரவு ஒன்பதுக்குத்தான் அணைகிறது, அணைந்த பிறகும் தணல் இருக்கும். அடுப்பை ஒட்டிய மண் சுவரில் கை வைத்தேன். கதகதப்பு. சுவருக்குக் கீழே மடித்துப் போட்ட கோணி, டைகரின் படுக்கை. கோணிக்கு நேர் மேலே, முழங்கால் உயரத்தில், சுவரில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு.

துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, வெடிப்புக்குள் விட்டு மெதுவாக இழுத்தேன். முதலில் மண். அடுத்து இரண்டு உப்பிய பெண் உண்ணிகள், சுருங்கிப்போய், செத்தவை. அவற்றுக்குப் பின்னால் கசகசாவைக் கொட்டியதுபோல் பழுப்பு நிற முட்டைக் குவியல், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. குச்சியின் முனையில் ஏதோ தூசி நகர்வதுபோல் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், ஆறு கால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில், வெளிச்சத்தைக் கண்டு குச்சியின் மேல் ஏறிக்கொண்டிருந்தன.

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். "இதோட பக்கத்துலதான் நானும் படுக்கிறேன்."

காட்டு உண்ணிகள் வேறு. தேயிலைக்குள் காட்டெருமை போகிற தடத்திலும், உண்ணிச்செடிப் புதரிலும், புல்லின் நுனியில் காத்திருந்து தொற்றுபவை அவை. கூடலூர், முதுமலைப் பக்கம் குரங்குக் காய்ச்சலோடு சேர்த்துப் பேசப்படுகிறவையும் அந்தக் காட்டு இனம்தான். இந்தப் பழுப்பு உண்ணி வீட்டோடு வாழ்வது. நாயின் மேல் இரத்தம் குடித்து, இறங்கி, சுவரேறி, வெடிப்பில் முட்டையிட்டு, பொரித்து, மறுபடியும் அதே நாயின் மேல் ஏறும். ஒரு பெண் உண்ணி 4,000 முட்டை வரை இடும். சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். வெளியே உறைபனி விழுந்தால் என்ன, அதற்கு வேண்டியது அடுப்பின் கதகதப்பும் ஒரு வெடிப்பும்தான். நம் மலை வீடுகளில் இரண்டுக்கும் குறைவில்லை.

கோணியை எரித்தோம். சமையலறையைக் காலி செய்து, பாத்திரம் பண்டமெல்லாம் வெளியேற்றி, வெடிப்புகளில் டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லிக் கரைசலைப் பீச்சினோம். பூனை இருக்கும் வீடுகளில் பூனையை அன்று முழுக்க அப்பால் வைக்கச் சொன்னேன், இந்த மருந்து பூனைக்கு விஷம். உண்ணி முட்டையை இந்த மருந்து அழிக்காது. அதனால் இரண்டு வாரம் கழித்தும், அதற்கடுத்த இரண்டு வாரத்திலும் மறுபடி அடிக்க வேண்டும். காய்ந்த பிறகு பேரனும் பக்கத்து வீட்டுப் பையனும் சாணமும் செம்மண்ணும் குழைத்து வெடிப்பை அடைத்தார்கள். டைகருக்கு மூன்று மாதம் வேலை செய்யும் உண்ணி மாத்திரை கொடுத்தேன். ஆனால் அந்த மாத்திரை உண்ணி கடித்த பிறகுதான் அதைக் கொல்லும். எர்லிச்சியா பரவ சில மணி நேரமே போதும் என்பதால், கடிக்கவே விடாமல் விரட்டும் கழுத்துப் பட்டையும் சேர்த்து மாட்டினோம்.

செவலை

அந்த லைனில் டைகரைத் தவிர ஏழு நாய்கள். வந்ததுதான் வந்தோம் என்று எல்லாவற்றின் காதிலும் குத்தித் தகடு எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றிரவு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆறில் எதுவும் கண்ணுக்குப் படவில்லை. ஏழாவது, இரவுக் காவல்காரர் வீட்டுச் செவலை. மூன்று வயதுப் பெண் நாய், நன்றாகச் சாப்பிடுகிறது, பளபளவென்று முடி, காட்டுப்பன்றியைக் கண்டால் லைனையே எழுப்பிவிடும். அவளுடைய தகட்டில், நாற்பதாவது நிமிடத்தில், ஒரு மோதிரம். இன்னும் தேடினேன், இன்னொன்று.

காவல்காரரிடம் மறுநாள் கேட்டேன். "இவளா? இவ இந்தத் தோட்டத்த விட்டு எங்கயும் போனதில்லீங்களே. பக்கத்துல இருக்கிற அரவேணுகூடப் பார்த்ததில்ல."

புதன்கிழமை பிசிஆர் முடிவு வந்தது. டைகருக்கு எர்லிச்சியா கேனிஸ் உண்டு, பேபீசியா கிப்சோனி உண்டு, வோகெலி இல்லை. எர்லிச்சியா காரமடையில் ஒட்டியிருக்கலாம். கிப்சோனி? காரமடைத் தெருநாயின் பல் வழியாகவும் வந்திருக்கலாம்; கடித்துக்கொள்ளும் நாய்களுக்குள் இது உண்ணியே இல்லாமல் பரவும். ஆனால் செவலையைப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. டைகரின் உடம்பில் அது முன்பே சத்தமில்லாமல் இருந்திருக்க வேண்டும். எர்லிச்சியா வந்து உடம்பை இறக்கியபோது அது எழுந்துகொண்டது. நிரூபிக்க வழியில்லை. ஆனால் மலையை விட்டு இறங்காத நாய் என்ற வார்த்தையை நோய் வரலாற்றில் எழுதிவிட்டு உண்ணிக் காய்ச்சலை ஒதுக்குவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

டைகர் ஏறிக்கொண்டே வந்தான். ஏழாம் நாள் மூத்திரம் தெளிந்தது. பத்தாம் நாள் பிசிவி 27, பதினைந்தாம் நாள் 32, தட்டணு ஒன்றரை லட்சம் தாண்டியது. இருபத்தெட்டாம் நாள் 39, தட்டணு 2,30,000. அன்றைக்கு ஆட்டோ வேண்டாம் என்று அவனே ஏறி இறங்கி நடந்து வந்தான். தகட்டில் மோதிரம் தெரியாதது போதாது. கிப்சோனி கண்ணுக்குத் தெரியாத அளவில் தங்கிவிடும். மருந்து முடிந்து அறுபதாம் நாளும் தொண்ணூறாம் நாளும் பிசிஆர் எடுத்து, இரண்டிலும் இல்லை என்று வந்தால்தான் போய்விட்டது என்று சொல்லலாம். ஆகஸ்ட் கடைசியில் ஒன்று, போன வாரம் ஒன்று. இரண்டிலும் இல்லை. இரத்தம் கொடுக்கிற நாயாக அவனை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது என்று அவனுடைய சிகிச்சை அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

செவலைக்கு இப்போதைக்கு மருந்து கொடுக்கவில்லை. பிசிவி 34, கொஞ்சம் குறைவுதான், ஆனால் நோயின் அடையாளம் வேறு எதுவும் இல்லை. விலை உயர்ந்த மருந்தை நோயற்ற நாய்க்குக் கொடுத்து, ஒட்டுண்ணியை அந்த மருந்துக்குப் பழக்கிவிடுவதைவிட, மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டே இருப்பதும், உண்ணியே அண்டாமல் வைத்திருப்பதும் மேல் என்று முடிவெடுத்தேன். வேறு மருத்துவர் வேறு மாதிரி முடிவெடுக்கலாம்.

ஆனால் நான் காது குத்திய அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சினையாக இருந்திருக்கிறாள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் நான்கு குட்டிகள். கிப்சோனி கருவிலேயே தாயிடமிருந்து குட்டிக்குப் போகக்கூடியது. நான்கும் கொழுகொழுவென்று இருக்கின்றன, அது எதையும் உறுதிசெய்யாது. ஒன்றை ஊட்டியில் ஒருவர் கேட்டிருக்கிறார், இன்னொன்றை மேட்டுப்பாளையத்துக்குக் கூட்டிப்போக ஆள் தயாராக இருக்கிறது. சோதனை முடியாமல் ஒன்றையும் கொடுத்துவிடாதீர்கள் என்று காவல்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் சரி என்றார். வருகிற ஞாயிறு காலை ஜிம்சா சாயத்தையும் நான்கு ஈடிடிஏ குழாய்களையும் எடுத்துக்கொண்டு லைனுக்குப் போகிறேன்.